அட்லாண்டா, டாலஸ் தமிழ்ச் சங்கங்களுக்கு: மெரிடியன் வழியாக ஒரு ரயில்

அன்புள்ள சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நான் உங்கள் இரண்டு ஊர்களுக்கும் நடுவில், அலபாமாவில் டஸ்கலூசா பக்கம் குடியிருக்கிறேன். பொங்கல், தீபாவளி என்றால் அட்லாண்டாவுக்கு வந்து, வரிசையில் நின்று சாப்பிட்டுவிட்டு, சந்தா கட்டாமல் ஊர் திரும்பும் ஆட்களில் ஒருவன். அந்த உரிமையில் ஒரு கோரிக்கை வைக்கிறேன். அட்லாண்டாவிலிருந்து மிசிசிப்பி மாநிலத்து மெரிடியன் நகரம் வழியாக டாலஸ், ஃபோர்ட் வொர்த் வரை பயணிகள் ரயில் விட வேண்டும் என்று பல வருடங்களாக ஒரு முயற்சி நடக்கிறது. உங்கள் இரண்டு சங்கங்களும் அதை ஆதரித்து ஆளுக்கொரு தீர்மானம் போட வேண்டும். அதை உங்கள் மாநிலப் போக்குவரத்துத் துறைக்கும், உங்கள் பகுதி காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும் அனுப்ப வேண்டும். கேட்க வந்தது அவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

முதலில் அந்த ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மெரிடியன் என்றதும் உங்களில் பலருக்கு ஒரு கேஸ் ஸ்டேஷனும் காபிக் கடையும்தான் நினைவுக்கு வரும். பர்மிங்ஹாமிலிருந்து ஒன்றாக வரும் ஐ-20, ஐ-59 சாலைகள் மெரிடியனைத் தாண்டியதும் பிரிகின்றன. ஒன்று டாலஸ் பக்கம் போகும், இன்னொன்று நியூ ஆர்லியன்ஸ் பக்கம். எல்லோரும் டாங்கை நிரப்பிக்கொண்டு, பிள்ளைகளை ரெஸ்ட்ரூம் அனுப்பிவிட்டு, கிளம்பிவிடுகிறோம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் சில நிமிடங்களில் ஊரின் நடுப்பகுதி வந்துவிடும். அங்கே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அதைச் சுற்றித்தான் இந்த ஊரின் கதை முழுவதும் நடக்கிறது.

ஜோலார்பேட்டை, விழுப்புரம் பார்த்து வளர்ந்த நமக்கு ஒரு ஜங்ஷன் ஊர் எப்படி உருவாகிறது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இந்த நிலம் சாக்டா பழங்குடி மக்களுடையது. 1830ல் ஓர் ஒப்பந்தத்தின் பெயரால் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. 1855ல் தெற்கு வடக்காக மொபைல் அண்ட் ஒஹையோ ரயில் பாதை வந்தது. மேற்கே விக்ஸ்பர்க்கிலிருந்து இன்னொரு பாதை வந்து அதைச் சந்திக்கப் போகிறது என்று தெரிந்ததும், ஜான் பால், லூயிஸ் ராக்ஸ்டேல் என்ற இரண்டு பேர் அக்கம்பக்கமாக நிலம் வாங்கி மனை போட ஆரம்பித்தார்கள். இரண்டு பேருக்கும் ஆகாது. ஊருக்கு மெரிடியன் என்று பெயர் வைக்க வேண்டும் என்றார் பால். தன் பெயரையே வைக்க வேண்டும் என்றார் மற்றவர். ரயில்வே ஆட்களோ பக்கத்தில் ஓடும் சோவாஷி ஓடையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஒருவர் வைத்த பெயர்ப் பலகையை இன்னொருவர் பிடுங்கிப் போட்டதாக உள்ளூரில் கதை உண்டு. கதை எப்படியோ, சண்டையின் தழும்பு இன்றும் இருக்கிறது. ஒருவர் ரயில் பாதையை அளவாக வைத்துத் தெரு போட்டார், மற்றவர் திசைகாட்டியை வைத்துப் போட்டார். அதனால் நகரின் நடுவில் தெருக்கள் கோணல் மாணலாக முட்டிக்கொள்கின்றன. ஜிபிஎஸ்ஸே கொஞ்சம் தடுமாறும். 1860 பிப்ரவரியில் இது முறைப்படி ஊரானது.

ஆகி நான்கே வருடத்தில் இல்லாமலும் போனது. உள்நாட்டுப் போரில் தென் மாநிலப் படைக்கு மெரிடியன் கிடங்காகவும் மருத்துவமனையாகவும் ஆயுதச் சாலையாகவும் இருந்தது. அது ஒரு ஜங்ஷன் என்ற ஒரே காரணத்துக்காக 1864 பிப்ரவரியில் ஜெனரல் ஷெர்மனின் வடக்குப் படை விக்ஸ்பர்க்கிலிருந்து நடந்தே வந்தது. 10,000 பேர் ஐந்து நாட்கள் கோடரி, கடப்பாரை, சம்மட்டி, நெருப்பு என்று உழைத்தார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்து, அடிக்கட்டைகளை அடுக்கி எரித்து, அந்தத் தீயில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி மரத்தைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். நிமிர்த்தி மறுபடி போட முடியாதபடி இருக்க வேண்டும் என்பதுதான் திட்டம். சுற்றுவட்டாரத்தில் 115 மைல் பாதை இப்படிப் போனது. மெரிடியன் என்று ஓர் ஊர் இனி இல்லை என்று ஷெர்மன் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். ஆனால் சில வாரங்களிலேயே ரயில் மறுபடி ஓடியது. பாதை திரும்பியதும் ஊரும் திரும்பியது.

1890 முதல் 1930 வரை மிசிசிப்பியிலேயே பெரிய நகரம் இதுதான். தலைநகர் ஜாக்சன்கூட அப்போது இதற்குப் பின்னால்தான். 1906ல் கோபுரம் வைத்த யூனியன் ஸ்டேஷன் கட்டினார்கள். 1920 வாக்கில் நாளொன்றுக்கு 44 ரயில்கள் வந்து போயின. ஊரில் உழைத்தவர்களில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேருக்கு ரயில்தான் சோறு போட்டது. அந்தக் காசில் எழுந்த கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. 1890ல் திறந்த கிராண்ட் ஆபரா ஹவுஸ், 1929ல் எழுந்த 16 மாடி த்ரீஃபுட் கட்டடம், மரம் அறுக்கும் ஆலைகளுக்கு நீராவி இயந்திரம் செய்து கொடுத்த சூலே தொழிற்சாலை, 1870ல் ஒரு சுவிஸ்காரர் ஆரம்பித்து இன்றும் நடக்கும் வைட்மன்ஸ் உணவகம். அந்த உணவகத்தில் மேசைக்கு மேசை ஒரு சின்ன ஜாடியில் பீநட் பட்டர் வைத்திருப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் வெண்ணெய் கிடைக்காத காலத்தில் தொடங்கிய பழக்கம், போர் முடிந்து எத்தனையோ காலமாகியும் விடவில்லை.

நாட்டுப்பாடல் இசை என்று இங்கே ரேடியோவில் கேட்கிறோமே, கன்ட்ரி மியூசிக், அதன் தந்தை என்று கொண்டாடப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸ் 1897ல் பிறந்ததும் இந்தப் பக்கத்தில்தான். அப்பா பாதை பராமரிக்கும் ரயில்வே கும்பலுக்கு மேஸ்திரி. மகன் சிறுவனாக இருக்கும்போது அந்தக் கும்பலுக்குத் தண்ணீர் சுமந்தான், வளர்ந்து பிரேக்மேன் ஆனான். தண்டவாளத்தை நெம்பித் தள்ளும் கறுப்பினத் தொழிலாளிகள் கை ஒத்து வருவதற்காகப் பாடிய பாட்டுகளைக் கேட்டுத்தான் அவருடைய இசை உருவானது. 1924ல் காசநோய் என்று தெரிந்தது. ரயில் வேலை போனது, பாட்டு முழுநேரத் தொழிலானது. 1927ல் முதல் பதிவு. 1933ல் நியூயார்க்கில் இறந்தபோது வயது 35. உடலை ரயிலில்தான் ஊருக்குக் கொண்டு வந்தார்கள். ஊரில் அவருக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. அவருக்குப் பாட்டுக் கற்றுக் கொடுத்த அந்தக் கும்பலில் ஒருவருடைய பெயராவது யாருக்காவது தெரியுமா? நான் தேடிய வரையில் கிடைக்கவில்லை.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பழைய ரயில் நகரம் என்றாலே எல்லோரும் கோபுரத்தையும் நீராவியையும் பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மிசிசிப்பியில் ரயில் பெட்டிகளில் வெள்ளையருக்குத் தனி, கறுப்பினத்தவருக்குத் தனி என்பது 1888 முதல் சட்டம். அதற்கும் முன்பு, 1871 மார்ச்சில், இதே ஊர் நீதிமன்றத்தில் கறுப்பினத் தலைவர்கள் மீதான விசாரணையின் நடுவில் துப்பாக்கி வெடித்தது. நீதிபதி செத்தார். அடுத்த சில நாட்களில் வெள்ளைக் கும்பல்கள் ஏறக்குறைய 30 கறுப்பினத்தவரைக் கொன்றன. அவர்கள் பக்கம் நின்ற மேயரை ரயிலேற்றி வடக்கே துரத்திவிட்டார்கள். ஆள் வருவதற்கும் ரயில், ஆளைத் துரத்துவதற்கும் ரயில்.

ஜேம்ஸ் சேனி இந்த ஊர்ப் பையன். 1943ல் பிறந்தவர், சுவர் பூச்சு வேலை செய்தவர். 1964ல் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் இயக்கம் மெரிடியன் ஐந்தாவது தெருவில் ஓர் அலுவலகம் திறந்தது. நியூயார்க்கிலிருந்து வந்த மைக்கேல் ஷ்வெர்னரும் அவர் மனைவியும் அதை நடத்தினார்கள். சேனிக்கு உள்ளூர்ச் சாலைகள் அத்துபடி, அதனால் எங்கு போனாலும் அவர் கூடப் போவார். ஜூன் 21ம் தேதி சேனி, ஷ்வெர்னர், அதற்கு முந்தைய நாள்தான் மிசிசிப்பிக்கு வந்திருந்த ஆண்ட்ரூ குட்மன் மூன்று பேரும் பக்கத்து நெஷோபா கவுண்டியில் எரிக்கப்பட்ட தேவாலயம் ஒன்றைப் பார்க்கக் காரில் போனார்கள். துணை ஷெரிஃப் ஒருவர் பிடித்து உள்ளே வைத்தார். இரவில் விடுவித்தார், பிறகு துரத்திப் பிடித்து கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலிடம் ஒப்படைத்தார். ஆகஸ்ட் 4ம் தேதி ஒரு மண் அணைக்கு அடியில் மூன்று உடல்களும் கிடைத்தன. சேனியையும் ஷ்வெர்னரையும் பக்கத்துப் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்று குடும்பத்தார் விரும்பினார்கள். இடுகாட்டிலும் நிறப் பிரிவினை இருந்த காலம், அது நடக்கவில்லை. சேனியின் கல்லறை மெரிடியனுக்கு வெளியே ஒரு குன்றின் மேல் இருக்கிறது. கல்லைத் திரும்பத் திரும்ப யாரோ உடைத்துத் தள்ளியதால், பின்னால் இரும்புச் சட்டம் வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கொலையை மாநில அரசு அப்போது கையில் எடுக்கவில்லை. மத்திய அரசுதான் வழக்குப் போட்டது. அதன் விசாரணை 1967ல் மெரிடியன் நீதிமன்றத்தில் நடந்து, ஏழு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

இன்று ஊரில் பெரும்பான்மை கறுப்பின மக்கள்தான். 1960ல் 49,374 ஆக இருந்த மக்கள்தொகை 2020ல் 35,052. குறைந்ததற்குக் காரணம் ஒன்றிரண்டு இல்லை. டீசல் எஞ்சின் வந்ததும் நீராவி எஞ்சின் பட்டறைகளுக்கு வேலை போனது. நெடுஞ்சாலை வந்ததும் பயணிகள் போனார்கள். 1967ல் தபால் துறை ரயில் தபால் பெட்டிகளை விலக்கிக்கொண்டதும், பயணி ரயிலுக்கு இருந்த நிலையான வருமானமும் போனது. யூனியன் ஸ்டேஷனின் பெரும்பகுதியை 1966ல் இடித்தார்கள். ஒரு ஓரத்துக் கட்டடம் மட்டும் தப்பியது. மெரிடியனுக்கும் ஷ்ரீவ்போர்ட்டுக்கும் இடையே ஓடிய கடைசிப் பயணி ரயிலும் 1960களின் இறுதியில் நின்றது. நியூயார்க், நியூ ஆர்லியன்ஸ் ரயிலை மட்டும் சதர்ன் ரயில்வே கம்பெனி விடாப்பிடியாக நடத்தி வந்து, 1979ல் மத்திய அரசின் பயணி ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கிடம் கொடுத்தது. அதுதான் இப்போதைய கிரெசென்ட். 1,377 மைல் ஓடுகிற ரயில், நாளுக்கு ஒரு தடவை மட்டும்.

போக்குவரத்து போனால் தாங்களும் போய்விடுவோம் என்பது இந்த ஊர்க்காரர்களுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. 1935ல் நடந்த ஒரு கூத்தைச் சொல்கிறேன். பொருளாதார மந்தக் காலம். செலவு தாங்காமல் ஊர் விமான நிலையத்தை மூடிவிடலாமா என்று பேச்சு எழுந்தது. அதை நடத்தி வந்த ஆல் கீ, ஃப்ரெட் கீ என்ற அண்ணன் தம்பி, ஊர்ப் பெயர் நாடெங்கும் பேசப்பட்டால் மூடமாட்டார்கள் என்று கணக்குப் போட்டார்கள். ஜூன் 4ம் தேதி ஒரு சின்ன கர்ட்டிஸ் ராபின் விமானத்தில் ஏறி மெரிடியன் வானத்தில் சுற்ற ஆரம்பித்தவர்கள், 27 நாட்கள் கழித்து ஜூலை 1ம் தேதிதான் தரையிறங்கினார்கள். இன்னொரு விமானம் மேலே பறந்து குழாயில் பெட்ரோலும் கயிற்றில் சாப்பாடும் இறக்கியது. பறக்கும்போதே ஃப்ரெட் வெளியே ஒரு குறுகிய நடைபலகையில் போய் நின்று எஞ்சினைக் கவனித்தார். சிந்தாமல் எரிபொருள் மாற்ற ஓர் உள்ளூர் மெக்கானிக் செய்து கொடுத்த வால்வு, நடுவானில் எரிபொருள் நிரப்பும் தொழில்நுட்பத்துக்கே பிறகு அடிப்படையானது. விமானம் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விமான நிலையத்துக்கு அவர்கள் பெயர். மனு கொடுத்துக் காத்திருக்காமல் மேலே ஏறிச் சுற்றிய ஆட்கள்!

அதே பிடிவாதம் 1990களில் ரயில் நிலையத்தில் தெரிந்தது. ஜான் ராபர்ட் ஸ்மித் 1993 முதல் 2009 வரை மேயராக இருந்தார், குடியரசுக் கட்சிக்காரர். ரயிலுக்குச் செலவு செய்வது வீண் என்று பேசும் கட்சி என்று நாம் நினைப்போம். அவர் நேர்மாறு. இடித்த இடத்திலேயே பழைய கட்டடத்தின் சாயலில், கோபுரத்தோடு, 1997ல் புது நிலையத்தைத் திறந்துவிட்டார். ஆம்ட்ராக், நகரப் பேருந்து, வெளியூர்ப் பேருந்து எல்லாம் ஒரே கூரையின் கீழ். தென் மாநிலங்களில் இப்படிக் கட்டிய முதல் நிலையங்களில் இது ஒன்று. பிறகு அவரே ஆம்ட்ராக் இயக்குநர் குழுவின் தலைவரும் ஆனார். நிலையத்துக்குப் பின்னால் மற்றவை வந்தன. பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்த ஆபரா ஹவுஸ் 2006ல் ரைலி சென்டராகத் திறந்தது. 2018ல் மிசிசிப்பிக் கலைஞர்களுக்கான பெரிய அருங்காட்சியகம் ஒன்று வந்தது. புறாக்கள் குடியிருந்த த்ரீஃபுட் கட்டடம் 2021ல் ஹோட்டலானது. எல்லாம் நிலையத்தால்தான் என்று நான் சொல்லமாட்டேன். அறக்கட்டளைப் பணம், வரிச் சலுகை எல்லாம் சேர்ந்ததுதான். இவ்வளவும் வந்த பிறகும் நடுப்பகுதியில் இன்னும் பூட்டிய கடைகள் நிறைய. பள்ளியில் சின்னத் தப்பு செய்த பிள்ளைகளைக்கூடச் சிறார் காவலுக்கு அனுப்புகிறார்கள் என்று மத்திய நீதித்துறை 2012ல் இந்த நகரத்தின் மேல் வழக்குப் போட்டதும் உண்மை. கண்ணாடி போட்டு அழகு காட்டுகிற சுற்றுலா ஊர் என்று நினைத்துப் போகாதீர்கள்.

இப்போது அட்லாண்டா நண்பர்களே, உங்கள் ஊரை ஒரு நிமிடம் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் ஊரும் ரயில் பாதையின் முனையாகப் பிறந்ததுதான். உங்களிடம் இரண்டு பெரிய நிலையங்கள் இருந்தன, டெர்மினல் ஸ்டேஷன், யூனியன் ஸ்டேஷன். 1970களின் தொடக்கத்தில் இரண்டையும் இடித்தீர்கள் (உங்களைச் சொல்லவில்லை, நாம் யாரும் அப்போது இங்கே இல்லை). இன்று வரை இன்னொன்று கட்டவில்லை. 60 லட்சம் பேர் வாழும் பெருநகரத்துக்கு, 1918ல் புறநகர்ப் பயணிகளுக்காகக் கட்டிய பீச்ட்ரீ நிலையம்தான் ஆதாரம். அங்கே நாளுக்கு வடக்கே ஒரு ரயில், தெற்கே ஒரு ரயில். 35,000 பேர் ஊர் செய்ததை இந்தப் பெரிய ஊர் செய்யவில்லை.

சரி, திட்டம் என்ன? 2000ம் ஆண்டிலேயே ஆம்ட்ராக் ஒரு யோசனை வைத்தது. கிரெசென்ட் ரயிலை மெரிடியனில் இரண்டாகப் பிரிப்பது. ஒரு பாதி வழக்கம்போல நியூ ஆர்லியன்ஸுக்கு, மறு பாதி மேற்கே திரும்பி ஜாக்சன், விக்ஸ்பர்க், மன்ரோ, ஷ்ரீவ்போர்ட், மார்ஷல் வழியாக டாலஸுக்கு. நம் ஊரில் ஜங்ஷனில் பெட்டிகளைக் கழற்றி வேறு எஞ்சின் மாட்டுவார்களே, அதே வேலை. கிரெசென்ட் ஸ்டார் என்று பெயர்கூட வைத்தார்கள். பணம் இல்லாமல் படுத்துவிட்டது. 2023 டிசம்பரில் மத்திய ரயில் நிர்வாகம், புதிய பயணி ரயில் பாதைகளைத் தேர்ந்தெடுத்துத் திட்டமிடும் தன் பட்டியலில் இந்த ஐ-20 பாதையைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பாதைக்கும் முதல் கட்டமாக 5 லட்சம் டாலர் வரை கிடைக்கும். அதை வைத்து என்ன செய்ய வேண்டும், எவ்வளவு ஆகும் என்று வரையறுப்பார்கள். அப்புறம் சேவைத் திட்டம், அப்புறம் பொறியியல் வேலை. ஒவ்வொரு படியிலும் உள்ளூர்ப் பணமும் உள்ளூர் ஆதரவும் இருக்கிறதா என்று கேட்பார்கள். தண்டவாளம் புதிதாகப் போட வேண்டியதில்லை. மெரிடியனிலிருந்து ஷ்ரீவ்போர்ட் வரை 320 மைல் பாதை, மெரிடியன் ஸ்பீட்வே என்ற பெயரில், இன்றைக்கும் சரக்கு ரயில்களால் நெரிசலாக ஓடுகிறது.

நெரிசல்தான் சிக்கலே. பாதை சரக்குக் கம்பெனிகளுக்குச் சொந்தம், ஆம்ட்ராக் வாடகைக்குப் போகிறது. சட்டப்படி பயணி ரயிலுக்கு முன்னுரிமை தர வேண்டும். நடைமுறையில் பக்கத்துப் பாதையில் ஒதுங்கி நின்று மைல் கணக்கில் நீளும் சரக்கு ரயிலுக்கு வழிவிடுவது நாம்தான். இதற்காகவே 2024 ஜூலையில் நீதித்துறை நார்ஃபோக் சதர்ன் கம்பெனி மீது வழக்குப் போட்டது. 2023ல் அந்தக் கம்பெனியின் பாதையில் தெற்கே வந்த கிரெசென்ட் ரயில்களில் 24 சதவீதம்தான் நேரத்துக்குச் சேர்ந்தன என்பது வழக்கில் சொல்லப்பட்ட கணக்கு. நான் அந்த ரயிலில் போகிறவன், அந்த 24ஐப் பார்த்து எனக்கு ஆச்சரியம் வரவில்லை. அதனால் ஒரு புது ரயிலை மட்டும் கேட்டால் போதாது. ஒதுங்கு பாதைகள், சிக்னல்கள் இவற்றுக்கும் பணம் கேட்க வேண்டும். உங்கள் தீர்மானத்தில் அந்த வரியும் வரட்டும்.

இதில் தமிழ்ச் சங்கத்துக்கு என்ன வேலை என்று செயற்குழுவில் ஒருவர் கட்டாயம் கேட்பார். மூன்று பேரை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டஸ்கலூசாவில், ரஸ்டனில், மன்ரோவில் படிக்க வந்திருக்கும் நம் பிள்ளைகள். கார் கிடையாது, வாங்கக் காசு கிடையாது. டஸ்கலூசாவில் கிரெசென்ட் நிற்கிறது. லூசியானா பக்கம் இருக்கிறவர்களுக்கு அதுவும் இல்லை. அடுத்து, ஆறு மாத விசாவில் வந்து நம் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மா. திருநெல்வேலியில் தனியாக ரயிலேறி எழும்பூரில் இறங்கிய அம்மாவால் இங்கே அட்லாண்டாவிலிருக்கும் மகன் வீட்டுக்கும் டாலஸிலிருக்கும் மகள் வீட்டுக்கும் இடையில் தானாகப் போக வழியில்லை. விமானத்தில் தனியாக அனுப்பப் பயம், 12 மணி நேரம் காரில் உட்கார வைக்க முட்டி வலி. மூன்றாவது, 12 மணி நேரம் அந்தக் காரை ஓட்டுகிற நாம். 780 மைல். தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்குப் போய்த் திரும்பும் ஞாயிற்றுக்கிழமை இரவு எத்தனை பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓட்டுகிறோம் என்பது உங்கள் வாட்ஸ்அப் குழுக்களுக்குத் தெரியும்.

ரயில் காரை விட வேகமாகப் போகும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். இன்று காலை அட்லாண்டாவில் கிரெசென்ட் ஏறினால் பிற்பகலில்தான் மெரிடியன். காரில் நாலரை மணி நேரம். ஆனால் கால் நீட்டலாம், தூங்கலாம், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கலாம், பிள்ளைகள் பெட்டிக்குள் நடக்கலாம்.

இன்னும் முக்கியமான ஒன்று. இந்தப் பாதைக்காகக் குரல் கொடுத்துவரும் சதர்ன் ரயில் கமிஷனில் மூன்று மாநிலங்கள்தான் உறுப்பினர்கள்: லூசியானா, மிசிசிப்பி, அலபாமா. கத்ரீனா புயலில் 2005ல் நின்றுபோன நியூ ஆர்லியன்ஸ், மொபைல் ரயிலை இருபது வருடம் விடாமல் துரத்தி 2025 ஆகஸ்டில் மறுபடி ஓட வைத்தவர்கள் இவர்கள்தான். ஆனால் இந்த ஐ-20 பாதையின் ஒரு முனை ஜார்ஜியா, மறுமுனை டெக்சாஸ். இரண்டுமே அந்தக் கமிஷனில் இல்லை. கூட்டமும் பணமும் இருப்பது முனைகளில், குரல் எழுவது நடுவில். நம் மக்கள் திரண்டு வாழ்வதும் அந்த முனைகளில்தான். மெரிடியன் மேயர் ஜார்ஜியாவின் கதவைத் தட்டினால் யார் நீங்கள் என்பார்கள். ஃபோர்சைத் கவுண்டியிலும் ஃப்ரிஸ்கோவிலும் வீட்டு வரி கட்டும் நீங்கள் தட்டினால் திறந்துதான் ஆக வேண்டும்.

வரிவிலக்குப் பெற்ற சங்கம் அரசியல் பேசலாமா என்று பொருளாளர் பதறக்கூடும். வேட்பாளர் யாரையும் ஆதரிக்கக் கூடாது, அது கண்டிப்பான தடை. ஒரு பொதுத் திட்டத்தை ஆதரித்து எழுதுவது, பேசுவது அளவோடு அனுமதிக்கப்பட்டதுதான். சந்தேகம் இருந்தால் உங்கள் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீர்மானத்தோடு நிறுத்தாமல், வருகிற நவம்பரில் அட்லாண்டா சங்கத்தின் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை ஒரு வார இறுதிக்கு மெரிடியன் கூட்டி வாருங்கள் என்றும் கேட்கிறேன். மாதத் தொடக்கத்தில் சூலே தொழிற்சாலையில் நீராவி விழாவும் ரயில் விழாவும் நடக்கும். பெல்ட்டில் ஓடும் பழைய கடைசல் இயந்திரங்களைப் பிள்ளைகள் தொட்டுவிடும் தூரத்தில் பார்க்கலாம். ஹைலேண்ட் பூங்காவில் 1909 முதல் சுற்றிக்கொண்டிருக்கும் மர ராட்டினம் இருக்கிறது, டென்ட்ஸல் கம்பெனி செய்தது, தேசிய வரலாற்றுச் சின்னம். பெரிய பிள்ளைகளைச் சேனியின் கல்லறைக்கு அவசியம் கூட்டிப் போங்கள். அந்த இரும்பு முட்டு எதற்கு என்று அவர்களே கேட்பார்கள், நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். காரில் வராதீர்கள், கிரெசென்டில் வாருங்கள். தாமதமானால் அதையும் குறித்து, தீர்மானத்தோடு இணைத்து அனுப்புங்கள்.

தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறேன், ஒரு பக்கம்தான். செயற்குழு தேதி சொன்னால் அதற்கு முன் அனுப்பி வைக்கிறேன். டாலஸ் நண்பர்கள் ஷ்ரீவ்போர்ட், மார்ஷல் பக்கம் இருக்கும் நம் குடும்பங்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், கையெழுத்து இரண்டு மாநிலத்திலிருந்தும் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
டஸ்கலூசாவிலிருந்து உங்கள் நண்பன்